வெள்ளி என்றால் எது? ஏஜென்டுக்கு எழுதிய கோப்பைச் சோதிக்கும் முறை

"வெள்ளிக்கு 50 பொட்டலம் வேணும், அண்ணே." கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு வாட்ஸ்அப்பில் இப்படி வந்தால், கல்லாவில் நிற்பவருக்குச் சந்தேகமே வராது. வெள்ளிக்கிழமைக்கு 50 பொட்டலம். அடுத்தவர் "50 வெள்ளிக்கு மீன் பொரியல்" என்று கேட்டால், அது ரிங்கிட், மலேசியப் பணம். இதே ஆர்டர்களை ஏஐ ஏஜென்ட், அதாவது செய்தியைப் படித்துத் தானே வேலையை முடிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல், கவனித்தால் இரண்டையும் குழப்பிக்கொள்ளலாம். வெள்ளிக்குப் பணம் என்ற பொருள் மலேசியா, சிங்கப்பூர்த் தமிழோடு சரி; மற்ற இடங்களில் அது கிழமை, உலோகம், கோள்.

ஏஜென்டுக்குக் குறிப்புக் கோப்பு எழுதுவதே இந்த மாதிரி விஷயத்தைச் சொல்லத்தான். கோப்பின் பெயர் ஏஜென்ட்ஸ் டாட் எம்டியோ கிளாட் டாட் எம்டியோ ஸ்கில் டாட் எம்டியோ, எல்லாமே மார்க்டவுன் குறிகளோடு (தலைப்பு, பட்டியல் போன்றவற்றைக் காட்டும் எளிய குறிகள்) எழுதிய வெறும் எழுத்துக் கோப்புதான். திறந்து பார்த்தால் பலவற்றில் "பணிவாக நடந்துகொள்", "கவனமாகச் செயல்படு" என்றுதான் இருக்கும். அவற்றை அழித்துவிட்டாலும் ஏஜென்ட் அதே பணிவோடுதான் பேசும். ஒரு வரியை எடுத்தால் வேலை மாறுகிறதா என்பதுதான் அளவுகோல். படிக்க நன்றாக இருக்கிறதா என்பது அல்ல.

முதலில் கோப்பை அச்செடுத்து, பேனாவோடு உட்காருங்கள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு குறி. ஏஜென்ட் இதைச் செய்ததா இல்லையா என்று பதிலைப் பார்த்தே சொல்ல முடிந்தால் சரிக்குறி. ஏஜென்டை இயக்கும் ஏஐ மாடலுக்கு ஏற்கெனவே தெரிந்த பொது அறிவு என்றால் வட்டம். இன்னொரு வரியோடு மோதினால் பெருக்கல் குறி. பெருக்கல் குறிகளை அன்றைக்கே தீர்க்க வேண்டும். "எப்போதும் உடனே உறுதி செய்" என்று ஓரிடத்திலும் "தேதியைக் கேட்டபின் உறுதி செய்" என்று வேறிடத்திலும் இருந்தால், ஏஜென்ட் ஒரு நாள் ஒன்றைப் பிடிக்கும், மறுநாள் மற்றதைப் பிடிக்கும். அப்புறம் மாடலைத் திட்டிப் பயனில்லை.

சரிக்குறி வாங்கும் வரி எப்படி இருக்கும்? "பில் தொகையைச் சரியாகக் கணக்கிடு" என்பது தேறாது. "ரொக்கம் என்றால் மொத்தத் தொகையை மட்டும் அருகிலுள்ள 5 சென்னுக்கு மாற்று, ஒவ்வொரு பொருளின் விலையையும் மாற்றாதே. 47.92 என்றால் 47.90, 47.93 என்றால் 47.95" என்பது தேறும். இந்த வழக்கம் 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் இருக்கிறது. மாடலுக்கும் தெரிந்திருக்கலாம். ஆனால் பொருளுக்குப் பொருள் மாற்றிக் கூட்டிவிடும் ஆபத்து உண்டு. அதனால் உதாரணத்தோடு எழுதுவது வீண் இல்லை.

பெயர்களும் அப்படித்தான். மலேசிய அடையாள அட்டையான ஐசியில் உள்ள ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) ஆகியவற்றைப் பார்த்ததும், ஏஜென்ட் கடைசிச் சொல் குடும்பப் பெயர் என்று நினைத்து, மகளை அப்பா பெயரால் "திரு" போட்டு அழைத்துவிடும். "சாய்கோட்டுக்கு முன்னால் வருவதே அவர் பெயர், பின்னால் வருவது தந்தை பெயர், அதைக் கொண்டு அழைக்காதே" என்று ஒரே வரி போதும். விதியோடு காரணத்தையும் சேர்த்தால், நீங்கள் நினைத்துப் பார்க்காத இடத்திலும் ஏஜென்ட் ஓரளவு சரியாக முடிவெடுக்கும். வரிக்கு வரி "கட்டாயம்", "ஒருபோதும்" என்று அதட்டினால் எது உண்மையிலேயே முக்கியம் என்று அதற்குத் தெரியாமல் போய்விடும்.

இனி ஏஜென்டிடம் செய்திகளைக் கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய ஆர்டர்களிலிருந்து 20 செய்திகளை எடுங்கள். பெயரையும் போன் எண்ணையும் மாற்றிவிடுங்கள். 10 சாதாரணமானவை. 6 குழப்பமானவை: வெள்ளி, நள்ளிரவு 12.30-க்கு அனுப்பிய "நாளைக்கு", பாதி மலாய் பாதி தமிழ். மிச்சம் 4, ஏஜென்ட் மறுக்கவோ திருப்பிக் கேட்கவோ வேண்டியவை. கடை தைப்பூசத்துக்கு மூடியிருந்தால் அன்றைக்கு வரும் ஆர்டரை இதில் சேருங்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அது விடுமுறை, எல்லா மாநிலத்திலும் அல்ல. நாடு முழுவதுக்குமான பொது விடுமுறைப் பட்டியலை மட்டும் நம்பும் ஏஜென்ட் இங்கேதான் சறுக்கும்.

ஒவ்வொரு செய்தியையும் 5 முறை ஓட்டுங்கள், ஏனென்றால் ஒரே கேள்விக்கு ஒரே பதில் வரும் என்ற உத்தரவாதம் இல்லை. கோப்போடு 100 ஓட்டம், கோப்பே இல்லாமல் 100 ஓட்டம். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் அந்தக் கோப்பு சுவரில் தொங்கும் பழைய காலண்டர் மாதிரி. வித்தியாசம் இருந்தால், 8 அல்லது 10 வரிகளாக ஒரு பகுதியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எந்தப் பகுதியை எடுத்ததும் சரியான பதில்கள் குறைகின்றனவோ, அந்தப் பகுதியில் மட்டும் வரிவரியாகப் போங்கள். கோப்பைத் திருத்தும்போது கண்ணில் படாத 5 செய்திகளைத் தனியே வைத்திருப்பது அவசியம். இல்லையென்றால் கேள்வித்தாளைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதிய கதைதான்.

பதில்களைத் திருத்த இன்னொரு மாடலை வைக்கலாம். "10-க்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள், நீளமான பதிலுக்கு அள்ளிக் கொடுக்கும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. "தேதியைக் கேட்டதா?", "மொத்தம் 5 சென்னில் முடிகிறதா?" என்று ஆம், இல்லை கேள்விகளாகக் கேளுங்கள். அதிலும் 20 பதிலையாவது நீங்களே திருத்தி ஒப்பிடுங்கள்.

ஸ்கில் கோப்பு, அதாவது குறிப்பிட்ட வேலை வரும்போது மட்டும் ஏஜென்ட் திறக்கும் கோப்பு என்றால், தலைப்பில் உள்ள விவரிப்பைத் தனியே சோதிக்க வேண்டும். ஏஜென்ட் முதலில் பார்ப்பது பெயரையும் விவரிப்பையும் மட்டுமே. தேவை என்று தோன்றினால்தான் உள்ளே படிக்கும். விவரிப்புக்கு வரம்பு 1024 எழுத்துகள். "ஆர்டர்களுக்கு உதவும்" என்று விட்டுவிட்டால், உள்ளே எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் திறக்கப்படாமலே கிடக்கும். திறக்க வேண்டிய 10 செய்தி, திறக்கக் கூடாத 10 செய்தி என்று பிரித்துப் பாருங்கள். உடல் பகுதி 500 வரியைத் தாண்டினால் விலைப்பட்டியல் போன்றவற்றைத் தனிக் கோப்புக்கு மாற்றுவது நல்லது. தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் (மாடல் எழுத்தைப் பிரித்துப் படிக்கும் துண்டு) தின்னும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மாறக்கூடிய எண்ணுக்குப் பக்கத்தில் தேதி போடுங்கள். 2024 மார்ச் 1 அன்று பல சேவைகளுக்குச் சேவை வரி 6-லிருந்து 8 விழுக்காடானது. உணவு, பானத்துக்கு 6-லேயே நின்றது. "சேவை வரி 8%" என்று மொட்டையாக எழுதிய கோப்பு சாப்பாட்டுக் கடை பில்லைத்தான் கெடுக்கும்.

கடைசியாக, பூட்டு. "பணத்தைத் திருப்பி அனுப்பாதே" என்று கோப்பில் எழுதுவது வேண்டுகோள் மட்டுமே. வாடிக்கையாளர் செய்திக்குள்ளேயே "முந்தைய விதிகளை மறந்துவிடு" என்று யாராவது எழுதினால் ஏஜென்ட் ஏமாறக்கூடும். பணம் திருப்பும் கருவிக்கான அனுமதியையே ஏஜென்டிடம் கொடுக்காதீர்கள். அல்லது மனிதர் ஒருவர் ஒப்புதல் தந்தால்தான் நகரும்படி வையுங்கள். அந்த ஏமாற்றுச் செய்தியையும் ஏஜென்ட் மறுக்க வேண்டிய அந்த 4-இல் ஒன்றாக வைத்து, மாடலின் பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் 20-ஐயும் முழுதாக மறுபடி ஓட்டுங்கள்.