கையெழுத்து வாங்கினால் பயிற்சி முடிந்ததா? ஆபத்தான ஆலைகளில் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ஆடிட்டுக்கு முந்தின நாள் பயிற்சிப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரே தேதி, ஒரே நேரம், இரண்டு வகுப்புகள். ஒன்று தீயணைப்பு, மற்றொன்று உயரத்தில் வேலை செய்வது. இரண்டிலும் ஒரே ஆளின் கையெழுத்து. விசாரித்தால், அந்த நேரத்தில் அவர் நைட் ஷிஃப்ட் முடித்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். கையெழுத்து என்னவோ அவருடையதுதான், மறுநாள் வந்து மொத்தமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். யாரையும் ஏமாற்றும் நோக்கம் அதில் இல்லை. மேலிடம் எண்ணிக்கை கேட்டது, கீழே இருந்தவர்கள் எண்ணிக்கை கொடுத்தார்கள்.

ரசாயன ஆலை, எண்ணெய் சுத்திகரிப்பு, எரிவாயு, சுரங்கம் என்று எதை எடுத்தாலும் பாதுகாப்புப் பயிற்சியில் முதலில் கோணிப்போவது இந்த இடம்தான். எத்தனை பேர் வகுப்பில் உட்கார்ந்தார்கள் என்று எண்ணுவது சுலபம். கேஸ் கசியும் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த வால்வைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியுமா என்பதை எண்ண முடியாது, போய்ப் பார்க்கத்தான் வேண்டும். அதனால் எண்ண முடிந்ததை எண்ணிவிட்டு, ‘100 சதவீதம் பயிற்சி’ என்று போர்டில் எழுதிவிடுகிறோம்.

சரியான விடை போதும் என்று நினைப்பது

பயிற்சி முடிந்ததும் பத்து கேள்வி, நான்கு விடைகளில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். எட்டு சரியாக இருந்தால் பாஸ். ஒரு ஆப்பரேட்டரிடம் கேட்டுப் பார்த்தேன்.

“இந்தப் பம்பு நின்னுபோச்சுன்னா என்ன செய்வீங்க?”

“ஸ்டாண்ட்பை பம்பை ஓட்டுவேன் சார்.”

“அதுவும் ஓடலைன்னா?”

“சூப்பர்வைசர்கிட்ட சொல்லுவேன்.”

“அவர் வர்றதுக்குள்ள உள்ளே என்ன நடக்கும்?”

பதில் வரவில்லை. தாளில் அவர் பத்துக்குப் பத்து.

இந்த மௌனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லாங்ஃபோர்டு எரிவாயு ஆலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1998 செப்டம்பர் 25. எஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை. சூடான எண்ணெயை அனுப்பும் பம்புகள் நின்றுபோய் மணிக்கணக்கில் ஓடவில்லை. வழக்கமாக 100 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டிய ஒரு வெப்பப் பரிமாற்றி (ஒரு திரவத்தின் சூட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் கருவி) மைனஸ் 48 டிகிரி வரை குளிர்ந்துவிட்டது. வெளியே உறைபனி படிந்திருந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அவ்வளவு குளிர்ந்த எஃகு கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அதில் சூடான எண்ணெய் பட்டால் விரிசல் விட்டு உடையும் என்று அங்கிருந்த ஆப்பரேட்டருக்கும் தெரியாது, சூப்பர்வைசருக்கும் தெரியாது. பம்பை மறுபடி ஓட்டினார்கள். பரிமாற்றி பிளந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், எட்டு பேர் காயமடைந்தார்கள். அந்த மாநிலமே வாரக்கணக்கில் எரிவாயு இல்லாமல் தவித்தது.

நிறுவனம் ஆப்பரேட்டர்தான் தவறு செய்தார் என்று கைகாட்டியது. அரசு அமைத்த விசாரணைக் குழுவான ராயல் கமிஷன் அதை ஏற்கவில்லை. இந்த ஆபத்தைப் புரிந்துகொள்ளும் பயிற்சியையே அவர்களுக்கு நிறுவனம் கொடுக்கவில்லை என்று 1999-இல் சொல்லிவிட்டது. இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. ஆலையிலேயே இருந்த பொறியாளர்களை 1992-இல் மெல்பர்னுக்கு மாற்றியிருந்தார்கள். “இது ஏன் இவ்வளவு குளிர்ந்திருக்கிறது?” என்று பக்கத்தில் நின்று கேட்டிருக்கக்கூடிய ஆட்கள் அங்கே இல்லை.

இதைப் படித்த பிறகு நான் தாள் தேர்வை முழுக்க விடவில்லை, ஆனால் அதை நம்புவதை விட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு விடைக்கும் பின்னால் “ஏன்?” என்று ஒரு கேள்வி, அதற்குப் பின்னால் “அப்படிச் செய்யாவிட்டால்?” என்று இன்னொரு கேள்வி. மூன்றாவது கேள்வியில்தான் ஆள் தெரிவார். சில சமயம் கேட்கிற எனக்கே விடை தெரியாமல் போகும். அது அவமானம்தான், ஆனால் பயன் உள்ள அவமானம்.

புரியவைக்காமல் பயமுறுத்துவதும் இதே வகைதான். 1979 மார்ச் 28-இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணு உலையில், திறந்தபடியே சிக்கிக்கொண்ட ஒரு வால்வு வழியாகத் தண்ணீர் வெளியேறிக்கொண்டிருந்தது. பேனலில் இருந்த விளக்கு வால்வு மூடியிருப்பது போலக் காட்டியது. மூடச் சொல்லிக் கட்டளை போனதைத்தான் அது காட்டியது, வால்வு உண்மையில் மூடியதா என்பதை அல்ல. உலையின் அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் கலன் தண்ணீரால் முழுக்க நிரம்பிவிடக் கூடாது என்பதையே அந்த ஆப்பரேட்டர்களுக்கு அழுத்தி அழுத்திச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் தானாக வந்த அவசரக் குளிர்நீரை அவர்களே குறைத்தார்கள். உலையின் மையத்தில் ஒரு பகுதி உருகியது. பயிற்சி இல்லாமல் போய் வந்த விபத்து இல்லை இது. கற்றதை அப்படியே செய்ததால் வந்தது.

எல்லாம் சரியாக ஓடும் நாளுக்கு மட்டும் பயிற்சி கொடுப்பது

பிளான்ட் சீராக ஓடும்போது ஆப்பரேட்டருக்குப் பெரிய வேலை இல்லை. நிறுத்தும்போதும், மறுபடி கிளப்பும்போதும், ஏதோ ஒரு கருவி பொய் சொல்லும்போதும்தான் அவர் தேவைப்படுகிறார். நம் பாடத்திட்டமோ தலைகீழாக இருக்கிறது. முக்கால்வாசி நேரம் வழக்கமான ஓட்டம், கடைசியில் அவசரமாக ஒரு ஸ்லைடு, ‘அசாதாரண நிலைமைகள்’.

டெக்ஸஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை 2005 மார்ச் 23 அன்று ஒரு யூனிட்டைக் கிளப்பும்போதுதான் வெடித்தது. 170 அடி உயரக் கோபுரத்தில் திரவம் 158 அடிக்கு ஏறியிருந்தது. கண்ட்ரோல் ரூம் திரையில் அது 10 அடிக்கும் குறைவாகத் தெரிந்தது. அளக்கும் கருவியின் எல்லையே அவ்வளவுதான். உள்ளே எவ்வளவு போயிருக்கிறது, வெளியே எவ்வளவு வந்திருக்கிறது என்று கணக்குப் பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால், ‘உள்ளே போனது எங்கே?’ என்ற சந்தேகம் வந்திருக்கும். ஆனால் அந்த ஆலையின் பயிற்சித் துறையில் 28 பேர் இருந்த இடத்தில் 8 பேர்தான் மிச்சம் என்றும், இப்படிப்பட்ட நிலைமைகளைப் பழகிப் பார்க்க சிமுலேட்டர் இல்லை என்றும் அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் எழுதியது. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் எல்லா இடத்திலும் முதலில் கத்திரி விழுவது பயிற்சியின் மேல்தான். அன்றைக்கு ஒன்றும் ஆகாது என்பதால் வெட்டியது யாருக்கும் தெரியாது.

இறந்த 15 பேரும் கான்ட்ராக்டர்களின் ஆட்கள். யூனிட்டைக் கிளப்பப் போகிறார்கள் என்ற தகவல்கூட அவர்களுக்குப் போகவில்லை. நம் ஆலைகளிலும் நிரந்தர ஊழியருக்கு மூன்று நாள் அறிமுகப் பயிற்சி, கான்ட்ராக்ட் ஆளுக்கு கேட்டில் வைத்து இருபது நிமிட வீடியோ, அதுவும் அவருக்குப் புரியாத மொழியில். ஆபத்தான வேலையில் பெரும்பகுதி யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் இதன் அபத்தம் புரியும்.

காப்பாற்றப் போவதைச் சொல்லித்தராமல் விடுவது

தொட்டி, கிணறு, ரியாக்டர் (ரசாயன வினை நடக்கும் கலன்), சாக்கடைக் குழி போன்ற அடைபட்ட இடங்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-லேயே எச்சரித்தது: இப்படிப்பட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல், உள்ளே விழுந்தவரைக் காப்பாற்றப் போனவர்கள்.

2005 நவம்பரில் டெலவேர் சிட்டியில் ஒரு சுத்திகரிப்பு ஆலை. ரியாக்டருக்குள் நைட்ரஜன் ஓடிக்கொண்டிருந்தது. மேலே 24 அங்குலத் திறப்பு. உள்ளே ஒரு டேப் ரோல் கிடந்தது. அதை எடுக்கப் போன ஒருவர் சரிந்தார். கூட இருந்தவர் அவரைத் தூக்க இறங்கினார். இருவரும் இறந்தார்கள். ஒரு டேப் ரோல்.

நைட்ரஜனுக்கு நிறமில்லை, வாசனையில்லை, மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. ஓரிரு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார். ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் தந்திரம் உள்ளது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும், 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவை எட்டினால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போகும். ‘நாத்தம் போயிடுச்சு, இப்ப பரவாயில்ல’ என்று சொல்லும் ஆள்தான் அப்போது அதிக ஆபத்தில் இருப்பவர்.

வகுப்பில் இதையெல்லாம் சொல்லலாம், தலையாட்டுவார்கள். ஆனால் கூட வேலை செய்யும் ஆள் கண்ணெதிரே விழும்போது ஸ்லைடு ஞாபகம் வராது, கால்தான் ஓடும். அதனால் உள்ளே போனவரைக் கவனித்துக்கொண்டு வெளியே நிற்கிற காவலாளிக்கு ‘உள்ளே போகாமல் இருப்பது’ ஒரு வேலையாகவே பழக்கப்பட வேண்டும். வயரை இழு, வின்ச்சைச் சுற்று, அழைப்பு கொடு, நில். ஒரு முறை பயிற்சியில் பொம்மையை உள்ளே போட்டுவிட்டு, யாரும் எதிர்பாராத நேரத்தில் “ஆள் விழுந்துட்டான்!” என்று கத்தச் சொன்னேன். ஐந்து பேரில் மூன்று பேர் திறப்பை நோக்கி ஓடினார்கள். மூவருமே அந்த வருடப் பயிற்சியில் கையெழுத்துப் போட்டவர்கள். அதே பயிற்சியை நான்கு முறை செய்த பிறகுதான் கால் நின்றது.

முன்கூட்டியே நோட்டீஸ் போர்டில் தேதி போட்டு நடத்தும் மாக் டிரில் என்ற அவசர ஒத்திகையைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. சைரன் அடிக்கும் முன்பே ஆட்கள் நிழலான பக்கமாகப் போய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஷிஃப்ட் மாறுவதைப் பாடமாக நினைக்காதது

1988 ஜூலை 6, வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. பகல் ஷிஃப்ட் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றிவிட்டு, குழாயின் வாயைத் தற்காலிகமாக மூடி வைத்தது. ராத்திரி மற்றப் பம்பு நின்றபோது, வால்வு கழற்றப்பட்ட செய்தி தெரியாத இரவு ஷிஃப்ட் அதே பம்பை ஓட்டியது. 167 பேர் இறந்தார்கள். பெர்மிட் என்ற வேலை அனுமதிக் காகிதம் இருந்தது, அது போக வேண்டிய கைக்குப் போகவில்லை. சொல்லிக்கொடுத்தபடி தங்குமிடத்தில் கூடி உத்தரவுக்குக் காத்திருந்தவர்களில் பலர் புகையில் மடிந்தார்கள். உத்தரவு வரவே இல்லை. அதைத் தர வேண்டியவருக்கு அப்படி ஒரு நெருக்கடியில் நின்று பழக்கமில்லை.

பெர்மிட் எழுதுவது எப்படி என்று எல்லோரும் சொல்லித்தருகிறோம். ஒப்படைப்பது எப்படி? லாக் புக்கில் ‘எல்லாம் நார்மல்’ என்று எழுதிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போகும் ஆளை நிறுத்தி, வாங்கிக்கொள்பவர் தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை போகவிடாமல் இருக்கப் பழக்கினாலே பாதி வேலை முடிந்ததுபோல.

விபத்து நடந்ததும் ‘எல்லாருக்கும் மறுபயிற்சி’ என்பது

விசாரணை அறிக்கைகளில் எனக்கு மிகவும் எரிச்சல் தரும் வரி இது: ‘காரணம், மனிதத் தவறு. நடவடிக்கை, மறுபயிற்சி.’ எழுதச் சுலபம், செலவு குறைவு, மேலதிகாரி யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை. ஆனால் கைக்கு எட்டாத வால்வையும், ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பட்டன்களையும், நிமிடத்துக்கு இருபது முறை அலறும் அலாரத்தையும் வைத்துக்கொண்டு ஆளை மட்டும் திருத்திக்கொண்டே இருக்க முடியாது. ஆபத்தை எடுத்துவிட முடிந்தால் எடுத்துவிட வேண்டும், முடியாவிட்டால் கருவியால் தடுக்க வேண்டும். பயிற்சி அதற்கெல்லாம் பிறகு வருவது.

இன்னொரு விளைவும் உண்டு. மறுபயிற்சி தண்டனையாக மாறிவிட்டால், அடுத்த முறை சிறிய தவறு நடக்கும்போது யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். விபத்தாகாமல் தப்பிய சம்பவங்கள்தான் நமக்குக் கிடைக்கும் இலவசப் பாடம், அதை நாமே நிறுத்திவிடுகிறோம்.

வகுப்பறையை விட்டு வெளியே போய்ப் பார்ப்பது என்று நான் பழகிக்கொண்டது இதனால்தான். ஒரு முறை அவசர அடைப்பு வால்வைக் காட்டச் சொல்லி ஒரு மூத்த ஆப்பரேட்டருடன் நடந்தேன். நேராகக் கூட்டிக்கொண்டு போனார். வால்வு இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது. ஏணி இல்லை.

“தீ பிடிச்சா எப்படித் திருப்புவீங்க?”

“அந்த டிரம்மை உருட்டிக்கிட்டு வந்து மேல ஏறணும் சார். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்ல.”

டிரம்மில் தீப்பற்றக்கூடிய கரைப்பானான சால்வென்ட் இருந்தது. அடுத்த மாதம் அந்த வால்வுக்குத் தரையிலிருந்தே இழுக்கும் சங்கிலிச் சக்கரம் மாட்டினார்கள். பயிற்சிப் பதிவேட்டில் இதை எழுத எந்தக் கட்டமும் இல்லை. கடைசியில் ‘குறிப்பு’ என்று இருந்த இடத்தில் எழுதிவைத்தேன்.