பழைய ஜூக்பாக்ஸைப் பாட வைப்பது: மின்சாரம் கடைசியில்தான்

நாணயத்தைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால், உள்ளே ஓர் இரும்புக் கை நகர்ந்து நீங்கள் கேட்ட இசைத்தட்டை எடுத்து வந்து வைத்துப் பாடும். அதுதான் ஜூக்பாக்ஸ். என்னிடம் இருப்பது சிகாகோவில் ராக்-ஓலா நிறுவனம் 1960களில் செய்த பெட்டி. பெயரைப் பார்த்து ராக் இசையோடு முடிச்சுப் போட வேண்டாம். நிறுவனரின் பெயரே டேவிட் ராக்கோலா. ஐம்பது தட்டுகள், நூறு பக்கங்கள், கண்ணாடிக் குழல் வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர். சென்னையில் மூடப்பட்ட ஒரு விடுதியின் பொருட்களோடு இது என்னிடம் வந்தது.

வந்த அன்றே மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் மெழுகு உருகும் வாசனை வந்தது, பிறகு புகை. மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் பழைய கெபாசிட்டர் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட்டாகி, பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிட்டது. அதைப் பிரித்து மறுபடி செப்புக் கம்பி சுற்றி வாங்க ஆறு வாரம் ஆயிற்று. ஆகவே, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மின்சாரம் கடைசிப் படி.

முதலில் படம், பிறகு துடைப்பு

பின்கதவைத் திறந்ததும் கைபேசியில் நாற்பது ஐம்பது படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பி எங்கே போகிறது என்பது மறுநாள் மறந்துவிடும்.

திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் நின்ற பெட்டி என்றால் உப்புக்காற்று வேலை செய்திருக்கும். தொடர்பு முனைகளில் பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். அது நைனியப்ப நாயக்கன் தெருவின் ரசாயனக் கடைகளில் கிடைக்கும். பல்லிணைகளில் இருக்கும் பழைய கிரீஸ் ஆறிப்போன வெல்லப்பாகு போல இறுகியிருக்கும். இரும்புக் கை பாதி வழியில் நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அதே ஆல்கஹாலை ஊற்றி, பழைய பல்தூரிகையால் முழுவதும் எடுத்துவிட்டுப் புதிய கிரீஸை மெல்லப் பூசுங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது இரண்டு மாதத்தில் காய்ந்து, தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். ரப்பர் பாகங்களில் எண்ணெய் படவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். மரச்சட்டம் ஈரம் குடித்து ஊதும்.

ஆம்ப்ளிஃபயர்

வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். இணைப்பை எடுத்த பிறகும் கெபாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட கம்பியில் கட்டி, அதன் வழியாக மின்னூட்டத்தை வடித்துவிட்டு, மல்டிமீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே கை வையுங்கள். இதற்கு முன் சால்டரிங் செய்தே பழக்கமில்லை என்றால், வால்வு வானொலி பார்த்த மெக்கானிக் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் கற்றேன்.

மாற்ற வேண்டியவை இரண்டு வகை: மெழுகு பூசிய காகிதக் கெபாசிட்டர்கள், மின்பகு (எலக்ட்ரோலிட்டிக்) கெபாசிட்டர்கள். ரிச்சி தெருவில் இரண்டுக்கும் மாற்று கிடைக்கும். மைக்ரோஃபாரட் அளவு ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். வோல்ட் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 0.1 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் என்று இருந்த இடத்தில் 630 வோல்ட் பாலியெஸ்டர் கெபாசிட்டர் போதும். 40 மைக்ரோஃபாரட் மின்பகு கெபாசிட்டருக்கு 47 சரி. ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் ஒன்றை மாட்டிய பிறகே அடுத்ததற்குப் போங்கள். மின்பகு கெபாசிட்டரின் நேர்முனை, எதிர்முனை தலைகீழானால் வெடிக்கும்.

பிறகு ஆம்ப்ளிஃபயரை மட்டும் தனியே, கீழே சொல்லும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக, 100 வாட் இழை பல்பு ஒன்றோடு சீரியஸில் (மின்சாரம் பல்பைக் கடந்தே வரும்படி) இணைத்துச் சோதியுங்கள். ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு ஓட்ட வேண்டாம். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கெடும். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ ஷார்ட். உடனே அணைத்துவிட்டுத் தேடுங்கள்.

சென்னை மின்சாரமும் அமெரிக்க மோட்டாரும்

பலரும் தடுக்கி விழும் இடம் இது. அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், அதாவது மின்சாரம் விநாடிக்கு 60 அலைகளாக வரும். நம் வீட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டைக் குறைக்க ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதும். 1 கேவிஏ அளவு வாங்குங்கள். முடிந்தால் 100 முதல் 105 வோல்ட் வெளியீடு தரும்படி கேட்டு வாங்குங்கள். 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்த டிரான்ஸ்ஃபார்மர், மோட்டாரின் இரும்பு உட்கரு 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். 120ஐ ஆறில் ஐந்து பங்காக்கினால் 100 வரும். அதுதான் அதற்கு இதமான வோல்ட். அப்படியே, பழைய இருமுனை வயரை எடுத்துவிட்டு மூன்றுமுனைச் செருகி போட்டு, உலோகச் சட்டத்தை எர்த்தோடு இணைத்துவிடுங்கள்.

ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 45 சுற்று சுற்ற வேண்டிய தட்டு 37.5 சுற்றுதான் சுற்றும். மூன்று நிமிடப் பாட்டு மூன்று நிமிடம் 36 விநாடி ஓடும். ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவர் மூன்று கட்டைக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடுவார். பாடகியின் குரல் பாடகரின் குரலாகி, கேட்கவே மனம் வலிக்கும். ஆம்ப்ளிஃபயர் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைப் பிரித்து மேய்ந்தவர்களை நான் அறிவேன்.

தீர்வு எளிது. மோட்டார் தண்டில் ஒரு சிறு கப்பி இருக்கும். அது ஒரு ரப்பர் சக்கரத்தைச் சுற்ற, அந்தச் சக்கரம் சுழல்தட்டைச் சுற்றும். அந்தக் கப்பியின் விட்டத்தை 1.2 மடங்காக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் என்றால் 6. வெர்னியர் அளவுகோலில் அளந்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கினேன். கப்பி சற்றும் கோணக் கூடாது; கோணினால் வீணை, புல்லாங்குழல் நாதம் நடுங்கும். மாட்டியபின் தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். ரப்பர் சக்கரம் பளபளவென்று இறுகியிருந்தால் நழுவும். மென்மையான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

முள்ளும் தட்டும்

பழைய முள்ளை நம்பாதீர்கள். புதிது போடுங்கள். முள் தட்டின்மீது அழுத்தும் எடையை நகை எடை பார்க்கும் சிறு மின்னணுத் தராசில் அளந்து, இயந்திரத்தின் கையேட்டில் உள்ளபடி வையுங்கள். அதிகமானால் தட்டு தேயும். குறைந்தால் முள் துள்ளித் தடத்தைக் கிழிக்கும்.

ஜூக்பாக்ஸுக்குரிய 45 சுற்றுத் தட்டின் நடுத்துளை 38 மில்லிமீட்டர். நான் மூர் மார்க்கெட் வளாகத்தில் பொறுக்கிய தமிழ்த் திரைப்பாட்டுத் தட்டுகளிலோ சிறிய துளைதான். இதற்கென்றே உள்ள கருவியால் பெரிதாக்கலாம். மையம் ஒரு மயிரிழை பிசகினாலும் பாட்டு அலையும். அதனால் கீறல் விழுந்த தட்டில் முதலில் பழகுங்கள். வேறு பிரதி கிடைக்காத தட்டைத் தொடவே வேண்டாம். அது சாதாரண ரெக்கார்டு பிளேயரில் பாடட்டும். அதன் துளை போனால் திரும்ப வராது.

நாணயப் பெட்டி அமெரிக்க நாணயத்தைத்தான் ஏற்கும். பெரும்பாலான இயந்திரங்களில் நாணயமில்லாமல் பாட வைக்க வழி உண்டு, கையேட்டில் பாருங்கள்.

கடைசியாக, பொத்தான்களுக்கு மேலே செருகும் பெயர்ச்சீட்டுகள். மூன்று அங்குல நீளம், ஒரு அங்குல அகலம். நான் அச்சடிக்கவில்லை. என் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, ஐம்பது சீட்டுகளையும் தமிழில் தன் கையால் எழுதினார். ஒரு பக்கத்தில் இரண்டு பாட்டுகள் உள்ள தட்டுகளுக்கு எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருந்தது. எழுதி முடித்ததும் ஏழாம் எண்ணை அழுத்தச் சொன்னார்.