மொட்டை மாடியில் ஆங்கர் போட்டுப் பாதுகாப்பாக வேலை செய்வது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

2024 பிப்ரவரியில் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்ததிலிருந்து தெருவுக்குத் தெரு மாடியில் சோலார் பேனல் ஏறிக்கொண்டிருக்கிறது. 1 கோடி வீடுகள் என்பது இலக்கு. பேனல் மாட்ட வரும் பையன்களில் பலர் இப்போது ஹார்னஸ் என்ற பாதுகாப்பு நாடாக் கவசம் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறார்கள். ஆனால் அதன் கொக்கி எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் பைப்பில் இருக்கும், இல்லையென்றால் அன்று காலை அவர்களே நிறுத்திய பேனல் ஸ்டாண்டில் இருக்கும். சிலருக்குத் தோளிலேயே தொங்கும்.

அந்தக் கொக்கி போய்ச் சேரும் இடம்தான் ஆங்கர். ஹார்னஸ், கயிறு, கொக்கி எல்லாம் எவ்வளவு நல்ல கம்பெனியுடையதாக இருந்தாலும் ஆங்கர் பெயர்ந்தால் அத்தனையும் உங்களோடு சேர்ந்து கீழே வரும். சோலார் மட்டுமல்ல, டேங்க் கழுவுவது, வாட்டர் ப்ரூஃபிங் அடிப்பது, ஏசி அவுட்டோர் யூனிட் மாட்டுவது எல்லாவற்றுக்கும் கீழே சொல்வது பொருந்தும்.

படி 1: ஏறுவதற்கு முன் உயரத்தைக் கணக்குப் போடுங்கள்

'கயிறு கட்டியிருக்கிறேன், விழுந்தால் பிடித்துக்கொள்ளும்' என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பிடிக்கும், ஆனால் எத்தனை அடி கீழே போன பிறகு?

ஹார்னஸை ஆங்கரோடு இணைக்கும் கயிறுதான் லேன்யார்டு. விழும் அதிர்ச்சியைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர் வைத்த சாதாரண லேன்யார்டு 2 மீட்டர் வரை நீளம். உங்கள் காலடி மட்டத்தில் உள்ள ஆங்கரில் அதை மாட்டியிருக்கிறீர்கள், விளிம்பைத் தாண்டி விழுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லேன்யார்டு முழு நீளத்துக்கு இழுபட 2 மீட்டர். அப்சார்பரின் தையல் கிழிந்து நீள அதிகபட்சம் 1.75 மீட்டர். லேன்யார்டு மாட்டும், முதுகில் உள்ள டி ரிங் என்ற வளையத்திலிருந்து உங்கள் பாதம் வரை 1.5 மீட்டர். பாதத்துக்கும் தரைக்கும் இடையே குறைந்தது 1 மீட்டர் இடைவெளி வேண்டும். கூட்டினால் 6.25 மீட்டர், அதாவது இருபது அடிக்கு மேல்.

தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டின் மாடி தரையிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று அடிதான். அங்கே அப்சார்பர் பிரிந்து முடிவதற்குள் நீங்கள் தரையில் இருப்பீர்கள். சரி, மேலே ஒரு தளம் இருக்கிறது, இருபத்து மூன்று அடி வருகிறதே என்றால், நம் ஊர் வீட்டுக்குச் சன்ஷேடு இருக்கிறது. ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கான்கிரீட் பலகை மாடி விளிம்பிலிருந்து மூன்று, நான்கு அடி கீழேயே வந்துவிடும். கயிறு இறுகும் முன் இடுப்பு அதில் மோதும்.

அதனால் வீட்டு மாடியைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இதுதான்: ஆங்கர் என்பது விழுந்தவரைப் பிடிப்பதற்கு அல்ல, விளிம்புக்கே போகவிடாமல் நிறுத்துவதற்கு. மாடு முளைக்குச்சியைச் சுற்றி மேய்வதுபோல, கயிறு விட்ட தூரத்துக்குள்தான் நீங்கள் நடமாட வேண்டும். அடுத்த படிகள் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து வருபவை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மாடியைச் சுற்றி மூன்றரை அடிக்குக் குறையாத உறுதியான கைப்பிடிச் சுவர் இருந்து, நீங்கள் மாடித் தரையிலேயே நின்று வேலை செய்கிறீர்கள் என்றால் ஆங்கரே தேவைப்படாது. எந்தக் கயிற்றையும் விடச் சுவர் மேல். படிக்கட்டு அறையின் உச்சி, டேங்க் மேல்தளம், எட்டடி உயரப் பேனல் ஸ்டாண்டு என்று ஏறும்போதுதான் அந்தச் சுவர் உதவாமல் போகிறது.

படி 2: ஆங்கருக்கு இடம் தேடுங்கள்

ஐரோப்பிய இ.என். 795 தரப்படி ஒருவருக்கான உலோக ஆங்கர் 12 கிலோநியூட்டன் இழுவையை மூன்று நிமிடம் தாங்க வேண்டும். அது ஏறக்குறைய 1,200 கிலோ தொங்குவதற்குச் சமம். அமெரிக்க விதி இன்னும் கறார்: ஓர் ஆளுக்கு 5,000 பவுண்டு, கிட்டத்தட்ட 2,270 கிலோ. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மாடியைச் சுற்றிப் பாருங்கள்.

முதலில் கண்ணில் படுவதெல்லாம் தேறாது. பி.வி.சி. பைப், டிஷ் ஆண்டெனா, கொடி கட்டும் கம்பி, ஜி.ஐ. கைப்பிடி, நாலரை அங்குலச் செங்கல் கைப்பிடிச் சுவர், பேனல் தாங்கும் அலுமினிய ரெயில் எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் டேங்கும் வேண்டாம், தண்ணீர் தீர்ந்தால் அது வெறும் கூடு. பின்னாளில் மாடி எழுப்பலாம் என்று விட்டுவைத்த தூண் கம்பிகள் பார்க்க உறுதியாக இருக்கும், கை தானாக அங்கே போகும். துரு அடித்திருப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், மேல்முனை திறந்திருப்பதால் கயிறு மேலேறிக் கழன்றுவிடும்.

தேறுவது என்ன? டேங்கைத் தாங்கி நிற்கும் கான்கிரீட் தூண். நான்கு பக்கமும் கயிறு சுற்ற இடமிருக்கும், மேலே பீம் இருப்பதால் சுற்றியது உருவிக்கொண்டு வராது. படிக்கட்டு அறையில் சுவருக்குள் புதையாமல் தனியாக நிற்கும் தூண் இருந்தால் அதுவும் ஆகும். விரிசல், கம்பி தெரியும் அளவுக்குப் பெயர்ந்த பூச்சு இருந்தால் விட்டுவிடுங்கள். ஆங்கர் ஸ்லிங் என்றே நாடாவில் செய்து விற்கிறார்கள். அதைத் தூணின் அடியோரமாகச் சுற்றி, இரு முனைக் கண்களையும் கேரபைனர் என்ற பூட்டுக் கொக்கியில் சேர்த்துப் பூட்டுங்கள். தூணின் மூலை நாடாவை அறுக்கும், அங்கே தடித்த கேன்வாஸ் உறை போடுங்கள்.

படி 3: போல்ட் அடிப்பதாக இருந்தால்

புதியவர்கள் தாங்களே செய்யக் கூடாத படி இது. ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே யாரோ அடித்துவைத்த, தலையில் வளையம் உள்ள ஐ போல்ட்டை நம்பித்தான் பல இடங்களில் உங்களைக் கட்டச் சொல்வார்கள்.

தமிழ்நாட்டு மாடியில் காலுக்குக் கீழே தெரிவது கான்கிரீட் அல்ல. தட்டோடு, அதற்கடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட தளம், அதற்கும் கீழேதான் கான்கிரீட் சிலாப். மேலே உள்ள அடுக்கே பல வீடுகளில் மூன்று, நான்கு அங்குலம் இருக்கும். நான்கு அங்குல போல்ட்டை மேலிருந்து அடித்தால் அது ஜல்லித் தளத்திலேயே நின்றுவிடும். கையால் ஆட்டினால் ஆடாது, முறுக்கினால் முறுகும், ஆள் எடை விழுந்தால் கட்டியோடு பெயர்ந்துவரும். போதாக்குறைக்கு அந்த ஓட்டை வழியே மழைநீர் இறங்கும்.

முறையாகச் செய்பவர்கள் மேலடுக்கை வெட்டி எடுத்து, சிலாப்பிலோ அதற்கடியில் பீம் வரும் இடத்திலோ துளை போடுவார்கள். பசை வைத்துப் போல்ட்டை ஒட்டும் கெமிக்கல் ஆங்கர் என்றால் துளைத் தூசியை ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊத வேண்டும். தூசி மிச்சமிருந்தால் பசை கான்கிரீட்டைப் பிடிக்காமல் தூசியைப் பிடிக்கும். துளையின் அடியிலிருந்து பசையை நிரப்பி, போல்ட்டைத் திருகி இறக்கி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை தொடாமல் விட வேண்டும். பிறகு இழுத்துப் பார்க்கும் கருவியால் சோதித்து, தேதியும் எத்தனை பேர் கட்டலாம் என்பதும் எழுதிய தகடு மாட்டுவார்கள். தகடு இல்லாத போல்ட்டில் கட்டாதீர்கள். காண்ட்ராக்டர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

படி 4: ஹார்னஸ்

இடுப்பு பெல்ட் வேண்டாம், முழு உடல் ஹார்னஸ் மட்டும். விழுந்தவரைப் பிடிக்க இடுப்பு பெல்ட் பயன்படுத்துவதை அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதல் தடுத்துவிட்டார்கள், நம் கடைகளில் இன்னும் தொங்குகிறது. லேபிளில் ஐ.எஸ். 3521 அல்லது இ.என். 361 இருக்கிறதா என்று பாருங்கள். லேபிளே இல்லை என்றால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நாடா முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். வெட்டு, வெல்டிங் பொறி பட்டு உருகிய முடிச்சு, வெயிலில் வெளுத்து மொரமொரத்த பகுதி, பிரிந்த தையல் இருந்தால் ஒதுக்குங்கள். போட்டுக்கொண்ட பிறகு டி ரிங் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வர வேண்டும். தொடை நாடாவுக்குள் தட்டையாக நான்கு விரல் நுழையலாம், முஷ்டி நுழையக் கூடாது.

படி 5: கயிற்றின் நீளத்தை டேப் வைத்து முடிவு செய்யுங்கள்

விபத்தும் பாதுகாப்பும் பிரிகிற இடம் இதுதான். கண்ணளவு வேண்டாம்.

ஆங்கரிலிருந்து மிக அருகில் உள்ள விளிம்பு வரை டேப் பிடியுங்கள். அதில் மூன்று அடி கழியுங்கள். ஸ்லிங், கயிறு, லேன்யார்டு எல்லாம் சேர்த்து உங்கள் டி ரிங் வரை அந்த நீளத்தைத் தாண்டக் கூடாது. மூன்று அடி ஏன் என்றால், கால் தடுக்கி முகங்குப்புற விழுந்தாலும் தலை விளிம்புக்கு உள்ளேயே இருக்கும்.

20×30 அடி மாடி, நடுவில் ஆங்கர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீளப் பக்க விளிம்பு 10 அடியில் இருக்கிறது, ஆக உங்களுக்கு 7 அடி. மூலையோ 18 அடி தள்ளி இருக்கிறது. மூலையில் கிளாம்ப் முடுக்க வேண்டும், கயிறு எட்டவில்லை, '15 அடிக்கு விட்டுக்கொள்ளலாம்' என்று தோன்றும். விட்டுவிட்டு மூலையில் வேலை முடித்துத் திரும்பும்போது பக்கவாட்டில் ஓர் அடி தவறினால், 10 அடியில் இருக்கும் விளிம்பைத் தாண்டி 5 அடி கயிறு மிச்சம். விழுவது மட்டுமல்ல, ஊஞ்சல்போல வீசிச் சுவரிலும் அடிபடுவீர்கள். மூலையில் வேலை இருந்தால் அதற்கென்று இன்னோர் ஆங்கர் வேண்டும், அதற்கு அதன் சொந்த அளவு வேண்டும்.

ஓர் ஆங்கரிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது இரட்டை லேன்யார்டு பயன்படுத்துங்கள். புதிய கொக்கி பூட்டிய 'க்ளிக்' கேட்ட பிறகே பழையதைக் கழற்றுங்கள். கயிற்றில் நகர்ந்து, இழுபட்டால் கவ்விக்கொள்ளும் ரோப் கிராப் வைத்திருந்தால் அதன் மேல் உள்ள அம்புக்குறி ஆங்கரைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் அது கயிற்றைப் பிடிக்காது. ஹார்டுவேர் கடை மஞ்சள் நைலான் கயிறு கொத்தனார் சாமான் ஏற்றுவதற்கு, ஆளுக்கு அல்ல.

இரண்டு தூணுக்கு இடையே கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டி அதில் கொக்கி மாட்டும் பழக்கமும் உண்டு. வேண்டாம். 5 டிகிரி மட்டுமே தொய்யும் கயிற்றின் நடுவில் 100 கிலோ தொங்கினால் ஒவ்வொரு முனையிலும் 570 கிலோவுக்கு மேல் இழுவை வரும். விழும் வேகம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

தகரக் கூரை என்றால்

கம்பெனி ஷெட்டுகளில் கதை வேறு. அங்கே விளிம்பு மட்டும் எதிரி அல்ல, காலடியும்தான். வெளிச்சத்துக்காக நடுநடுவே போட்ட பைபர் ஷீட் தூசி படிந்து தகரத்தோடு தகரமாகத் தெரியும், மிதித்தால் உடையும். ஆஸ்பெஸ்டாஸும் அப்படியே. விளிம்பைக் கணக்கிட்டு விட்ட கயிறு இங்கே காப்பாற்றாது. நடைபலகை போட்டு, ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் செல்லும் ஸ்குரூ வரிசை மேல் நடக்க வேண்டும், அடியில் வலை வேண்டும். ஆங்கரும் ஷீட்டில் ஸ்குரூ அடித்ததாக இல்லாமல், பர்லினோடு சேர்த்துப் பிடித்ததாகவோ அந்த ஷீட்டுக்கென்றே தயாரித்துச் சோதித்ததாகவோ இருக்க வேண்டும். புதியவர்கள் இந்தக் கூரையில் தனியாக ஏறவே கூடாது.

படி 6: கீழே ஓர் ஆள்

ஹார்னஸில் அசையாமல் தொங்குபவருக்குத் தொடை நாடா அழுத்தி, கால்களில் ரத்தம் தேங்கும். சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். ஆகவே யார் எந்த ஏணியை எங்கே வைத்து இறக்குவது என்பதை ஏறுவதற்கு முன்பே பேசி வையுங்கள். தொங்குபவர் நினைவோடு இருந்தால் கால்களைச் சைக்கிள் மிதிப்பதுபோல ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். 108-ஐயும் தீயணைப்புக்கு 101-ஐயும் அழைக்கும் வேலை கீழே நிற்பவருடையது, அவர் கையில் போன் இருக்க வேண்டும்.

ஒருமுறை விழுந்து இழுபட்ட ஹார்னஸும் லேன்யார்டும் மறுபடி ஆகாது, பார்க்கப் புதிதாக இருந்தாலும். மூட்டையில் போட்டால் யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். நாடாவைக் கத்தரித்துக் குப்பையில் போடுங்கள். அந்த இழுவையை வாங்கிய ஆங்கரையும், பொறியாளர் வந்து பார்த்து மறுபடி சோதிக்கும் வரை யாரும் தொடாதபடி சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள்.