நாளுக்கு நாள் நகர்ந்த எல்லைக்கல்

மட்டக்களப்புப் படுவான்கரையில் ஜிபிஎஸ் ரிசீவர் வைத்து ஒரு வயல் அளவை. திங்கள் அளவெடுத்த எல்லைக்கல், புதன் அளவெடுத்தால் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கிறது. ஆனால் ஒரே நாளில் அளவெடுத்த கற்களுக்கு இடையே நாடா பிடித்தால் தூரம் சரி. தீர்வு முழுக்க ஃபிக்ஸ், அதாவது சென்டிமீட்டர் அளவுக்கு நம்பக்கூடிய கணக்கு. அன்டெனாவைச் சந்தேகித்தேன், பனைமர மறைப்பைச் சந்தேகித்தேன், புது ரிசீவர் விலைகூட விசாரித்தாயிற்று. மூன்று நாள் வீண்.

கோளாறு, ரிசீவர் பதிவுகளைக் கணக்கிடும் ஆர்டிகேலிப் மென்பொருளின் அமைப்பில். மற்றக் கற்களை எதை வைத்துக் கணக்கிடுகிறோமோ அந்த நிலையான ரிசீவர்தான் பேஸ்; அதன் ஆயத்தொலையை ரைனெக்ஸ் என்ற பதிவுக் கோப்பின் தலைப்பிலிருந்து எடுக்கும்படி விட்டிருந்தேன். அங்கே இருப்பது ரிசீவர் தானே குத்துமதிப்பாகப் போட்ட இடம். கோப்பை நோட்பேடில் திறந்தால் 'அப்ராக்ஸ் பொசிஷன்' என்றே எழுதியிருக்கிறது! ஒரே ஆணிமேல் முக்காலி வைத்தும் இரண்டு நாளுக்கு இரண்டு எண். பேஸ் எவ்வளவு தள்ளுகிறதோ, அன்றைய கற்கள் எல்லாம் அவ்வளவே சேர்ந்து தள்ளும்; அதனால்தான் நாடா தூரம் சரி.

ஒரே ஆயத்தொலையைக் கையால் கொடுத்து இரண்டு நாளையும் மறுபடி ஓட்டினேன். வித்தியாசம் 2 சென்டிமீட்டர். அப்புறம்தான் இலங்கையின் ஆயத்தொலை முறையான எஸ்எல்டி99க்கு மாற்றினேன்.