எக்ஸ், ஒய்யிலிருந்து தூரமும் கோணமும்: கால்பகுதியில் கோட்டை விடாமல் மாற்றுவது எப்படி?

எக்ஸ், ஒய் என்ற செவ்வக ஆயத்தொலைவைத் துருவ ஆயத்தொலைவாக, அதாவது ஆதிப்புள்ளியிலிருந்து உள்ள தூரமும் வலப்பக்க எக்ஸ் அச்சிலிருந்து இடஞ்சுழியாக எண்ணும் கோணமுமாக, மாற்றும்போது தூரம் அநேகமாக யாருக்கும் தப்பாது. எக்ஸ் வர்க்கம், ஒய் வர்க்கம் இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வேலை முடிந்தது. வர்க்கத்தில் மைனஸ் குறியும் போய்விடும். பரீட்சையில் மதிப்பெண் போவதும், சர்வேயில் குச்சி தப்பான இடத்தில் இறங்குவதும் கோணத்தால்தான்.

(−5, 12) என்ற புள்ளியை எடுத்துக்கொள்வோம். முதலில் தாளில் கையால் குறித்துப் பாருங்கள். ஸ்கேல் வேண்டாம், எந்தக் கால்பகுதி என்று தெரிந்தால் போதும் (இரண்டு அச்சுகளும் தாளைப் பிரிக்கும் நான்கு பகுதிகள்; வலது மேலே முதலாவது, அங்கிருந்து இடஞ்சுழியாக எண்ண வேண்டும்). இடது பக்கம், மேலே. எனவே இரண்டாம் கால்பகுதி. தூரம் √(25 + 144) = 13.

இப்போது 12 ÷ (−5) = −2.4 என்று வகுத்து டேன் இன்வெர்ஸ் (டேன் மதிப்பிலிருந்து கோணத்தைத் தருவது) போட்டால் −67.38° வரும். அது நாலாம் கால்பகுதி, அதாவது (5, −12) இருக்கும் திசை. வகுத்த உடனே எந்த எண்ணுக்கு மைனஸ் இருந்தது என்பது அழிந்துவிடுகிறது. டேன் இன்வெர்ஸோ −90°க்கும் 90°க்கும் இடையில்தான் விடை தரும்.

ஆகவே குறியை ஒதுக்கிவிட்டு 12 ÷ 5க்கு டேன் இன்வெர்ஸ் போடுங்கள்: 67.38°. முதல் கால்பகுதியென்றால் இதுவே விடை. இரண்டாவதென்றால் 180°யிலிருந்து கழிக்க வேண்டும், மூன்றாவதென்றால் 180°யுடன் கூட்ட வேண்டும், நான்காவதென்றால் 360°யிலிருந்து கழிக்க வேண்டும். நம் புள்ளிக்கு 112.62°. சரிபார்க்க, 13 × காஸ் 112.62° போட்டால் −5 திரும்பி வர வேண்டும்.

எக்ஸ் 0 என்றால் வகுக்கவே முடியாது. புள்ளி மேலே இருந்தால் 90°, கீழே இருந்தால் 270°. ஆதிப்புள்ளிக்குக் கோணமே கிடையாது.

பிளஸ் டூ கலப்பு எண்களில் முதன்மை வீச்சு, அதாவது இதே கோணத்தின் முதன்மை மதிப்பு, கேட்டால், விடை −180°க்கு மேல், 180° வரைக்குள் இருக்க வேண்டும். (−8, −6)க்கு 216.87° என்று வந்தால் 360° கழித்து −143.13° என்று எழுதுங்கள்.

காசியோ ஈ.எஸ். வகை கால்குலேட்டரில் ஷிஃப்ட், பிளஸ் அழுத்தினால் துருவ ஆயத்தொலைவாக மாற்றும் 'போல்' வரும். எக்ஸ், காமா, ஒய் கொடுத்தால் கால்பகுதியை அதுவே பார்த்துக்கொள்ளும். டிகிரியா ரேடியனா என்று திரையின் மேல்வரியை மட்டும் பார்த்துவிடுங்கள். கணினியில் எக்ஸ், ஒய் இரண்டையும் வாங்கிக் கோணம் தரும் ஃபங்ஷன் 'ஏடான்2'. எக்செலில் அது முதலில் எக்ஸைக் கேட்கும். பைத்தானிலும் சி மொழியிலும் ஒய் முதலில். எக்செல் ஃபார்முலாவை அப்படியே பைத்தானுக்குக் கொண்டுபோனால் எர்ரர் எதுவும் வராது, கோணம் மட்டும் தப்பாக இருக்கும். இரண்டிலும் விடை ரேடியனில்தான். 180 ÷ பையால் பெருக்க வேண்டும்.

சர்வே வேலையில் கோணம் வடக்கிலிருந்து கடிகாரத் திசையில் எண்ணப்படுகிறது; அதற்குப் பேரிங் என்று பெயர். அதனால் 'போல்' உள்ளே வடக்கு வித்தியாசத்தை முதலிலும் கிழக்கு வித்தியாசத்தை அடுத்தும் கொடுங்கள். கிழக்கே 36 மீட்டர், தெற்கே 15 மீட்டர் என்றால் (−15, 36): தூரம் 39 மீட்டர், பேரிங் 112.62°. மைனஸில் வந்தால் 360° கூட்டுங்கள். இந்த 112.62°ஐ 112 டிகிரி 62 மினிட் என்று டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவி) ஏற்றிவிடாதீர்கள்; முழு மதிப்பு 112° 37′ 12″. தசமத்தை இரண்டு இடத்தோடு நிறுத்துவதும் ஆகாது: 0.01° பிசகினால் 100 மீட்டரில் 17 மில்லிமீட்டர் விலகும்.