சக்கர அளவை அறிவதும் அங்குலத்தை அடியாக மாற்றுவதும்

கார் டயரின் பக்கவாட்டில் 16 என்று முடியும் அளவு பொறிக்கப்பட்டிருந்தால், அந்தச் சக்கரத்தின் உயரம் 16 அங்குலம் என்று பலரும் எண்ணிக்கொள்கின்றனர். ஆனால் தரையிலிருந்து டயரின் உச்சி வரை அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்தால் ஏறத்தாழ 25 அங்குலம் வரக்கூடும். இரண்டும் சரியான எண்களே. முதலாவது டயர் பதிந்து உட்காரும் இடத்தில் ரிம்மின் (டயரைத் தாங்கும் உலோக வளையத்தின்) விட்டம், இரண்டாவது காற்றடைத்த டயரின் வெளிவிட்டம். எனவே அங்குலத்தை அடியாக்கும் கணக்கில் இறங்குவதற்கு முன், கையிலுள்ள எண் எந்த இடத்தைக் குறிக்கிறது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். கணக்கில் பிழைவிடுபவர்கள் குறைவு. எண்ணைத் தவறாகப் பொருள்கொள்பவர்களே மிகுதி.

காருக்கான 205/55 ஆர் 16 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின், அதாவது ரிம்முக்கும் டயரின் வெளிவிளிம்புக்கும் இடைப்பட்ட பகுதியின், உயரம் எத்தனை விழுக்காடு என்பதைக் காட்டுகிறது. ஆர் என்பது ரேடியல் வகை டயர் என்பதற்கான அடையாளம். கடைசியிலுள்ள 16 மட்டும் அங்குலத்தில் உள்ளது. ஒரே வரியில் மில்லிமீட்டரும் விழுக்காடும் அங்குலமும் கலந்து நிற்பது விந்தையான ஏற்பாடுதான் என்றாலும், முறையாகப் பிரித்தால் கணக்கு எளிதில் வந்துவிடும். 205இல் 55 விழுக்காடு 112.75 மி.மீ. பக்கச்சுவர் ரிம்முக்கு மேலும் கீழும் இருப்பதால் அதை இரட்டிக்க 225.5 மி.மீ. ஆகிறது. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதால் 16 அங்குல ரிம் 406.4 மி.மீ. இவற்றைக் கூட்டினால் வெளிவிட்டம் 631.9 மி.மீ., அதாவது 24.9 அங்குலம்.

இதே முறையில் 195/65 ஆர் 15 என்ற அளவைக் கணக்கிட்டால் 634.5 மி.மீ. வருகிறது. ரிம் ஓர் அங்குலம் சிறியதாக இருந்தும், முழுச் சக்கரம் 2.6 மி.மீ. பெரிதாக இருப்பதைக் கவனிக்கலாம். பெரிய ரிம் பொருத்தினால் வண்டி உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கை எப்போதும் உண்மையாகாததற்கு இதுவே காரணம். பழைய வகை மோட்டார் சைக்கிள் டயர்களில் 3.00-17 என்று இருந்தால், அகலம் 3 அங்குலம், ரிம் 17 அங்குலம். அங்கே பக்கச்சுவரின் உயரம் ஏறத்தாழ அகலத்துக்குச் சமம் என்பதால் வெளிவிட்டம் சுமார் 23 அங்குலம்.

இனி அடிக்கு வருவோம். ஓர் அடிக்கு 12 அங்குலம். அங்குலத்தை 12ஆல் வகுத்தால் அடி, அடியை 12ஆல் பெருக்கினால் அங்குலம். சிக்கல் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணில்தான் இருக்கிறது. இரு சக்கர மையங்களுக்கும் இடையே 41 அங்குலமும், ஒவ்வொரு சக்கரத்தின் வெளிவிட்டம் 27 அங்குலமும் உள்ள ஒரு சைக்கிளை நிறுத்த எவ்வளவு நீளம் தேவை என்று பார்ப்போம். முன்னால் அரைச் சக்கரமும் பின்னால் அரைச் சக்கரமும் நீட்டிக்கொண்டிருப்பதால், 41உடன் ஒரு முழு விட்டத்தைக் கூட்ட 68 அங்குலம். கால்குலேட்டரில் 12ஆல் வகுத்தால் 5.67 என்று காட்டும். இதை 5 அடி 6.7 அங்குலம் என்று படித்து இடம் ஒதுக்கினால், ஓர் அங்குலத்துக்கு மேல் குறைந்து சக்கரம் சுவரில் இடிக்கும். 0.67 என்பது அடியின் பின்னம். அதை மீண்டும் 12ஆல் பெருக்கினால்தான் அங்குலம் கிடைக்கும், அது 8. ஆகவே விடை 5 அடி 8 அங்குலம். வகுக்கும்போது ஈவை அடியாகவும் மீதியை அங்குலமாகவும் எழுதிக்கொள்ளும் பழைய பள்ளிக்கூட முறையில் இந்தத் தவறுக்கு இடமே இல்லை.

சைக்கிள் சக்கரங்களின் பெயர்கள் இன்னும் குழப்பமானவை. மலைச் சைக்கிளின் 26 அங்குலச் சக்கரத்தில் டயர் உட்காரும் ரிம் விட்டம் 559 மி.மீ., அதாவது 22 அங்குலம் மட்டுமே. 26 என்பது தடித்த டயரையும் சேர்த்து வைத்த பெயர். 29 அங்குலம் என விற்கப்படும் சக்கரத்தின் ரிம் 622 மி.மீ.; 27 அங்குலம் எனப்படும் பழைய சாலைச் சைக்கிள் ரிம்மோ 630 மி.மீ., அதைவிடப் பெரியது. இதைவிட வேடிக்கை, 26 × 1.50 என்ற டயர் 559 மி.மீ. ரிம்முக்கும், 26 × 1 1/2 என்ற டயர் 584 மி.மீ. ரிம்முக்கும் உரியவை. ஒன்றரையும் 1.50உம் கணக்கில் சமம், டயரில் சமமல்ல. எனவே சைக்கிள் டயர் வாங்கும்போது பின்னத்தைத் தசமமாக மாற்றிக் கேட்கக் கூடாது. டயரில் 37-622 என்பது போல் இரண்டு எண்கள் கோடிட்டு எழுதப்பட்டிருக்கும். பின்னால் உள்ள மூன்றிலக்க எண் ரிம் விட்டம், அது ஒத்துப்போனால்தான் டயர் ஏறும்.

குறியீடு தேய்ந்துபோன சக்கரத்தின் வெளிவிட்டத்தை உருட்டியும் கண்டுபிடிக்கலாம். டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்குக்கட்டியால் கோடிட்டு, டயரின் கோடு மீண்டும் தரையைத் தொடும் வரை நேராக உருட்டி, இடைப்பட்ட தூரத்தை அளக்க வேண்டும். அது 6 அடி 10 அங்குலம் என்றால், முதலில் முழுவதையும் அங்குலமாக்கினால் 82, அதை 3.1416ஆல் வகுத்தால் 26.1 அங்குலம், அதாவது 2 அடி 2 அங்குலத்துக்குச் சற்று மேல். மூன்று சுற்று உருட்டி மூன்றால் வகுத்தால் அளவுப்பிழை குறையும். சைக்கிளின் வேகமானியில் பதிவதற்காக அளப்பவர் சைக்கிளின் மேல் அமர்ந்தபடியே உருட்ட வேண்டும். உடல் எடையில் டயர் சற்று அமுங்குவதால் தூரம் கொஞ்சம் குறையும், வேகமானிக்கு வேண்டியது அந்தக் குறைந்த அளவே. பெரும்பாலும் அது சுற்றளவை மில்லிமீட்டரில் கேட்கும் என்பதால், கிடைத்த அங்குலத்தை 25.4ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்; 82 அங்குலத்துக்கு 2083 என்று பதியலாம்.