தெருமுனை ஸ்பெஷாலிட்டி கஃபே: காசு வீணாகும் இடங்கள்

சென்னை ஆழ்வார்பேட்டை, பெசன்ட் நகர், கோவை ஆர்.எஸ்.புரம் என்று வீட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்பெஷாலிட்டி காபிக் கடைகள் வந்துவிட்டன. சுவைப் பரிசோதனையில் 100-க்கு 80-ம் அதற்கு மேலும் வாங்கிய கொட்டைக்குத்தான் அந்தப் பெயர். ஏற்காட்டிலும் சிக்கமகளூரிலும் விளைந்த அப்படிப்பட்ட கொட்டை பக்குவமாக வறுபட்டுக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. புதிதாக வருகிறவர்களோ அதே நாலைந்து இடங்களில் இடறி, "இதுக்கா இவ்வளவு காசு?" என்று எழுந்து போகிறார்கள். அதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை. வைஃபை, மேசை, டிப்ஸ் பற்றியெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, விட்டுவிடுவோம்.

அட்டையில் இருப்பதை எசென்ஸ் என்று நினைப்பது

கோப்பையோடு வரும் அட்டையில் "ஆரஞ்சு, வெல்லம், பிளம்" என்று இருக்கும். எதையும் கலக்கவில்லை. கொட்டையின் ரகம், அதைக் கழுவி உலர்த்தினார்களா பழத்தோடு உலர்த்தினார்களா, எவ்வளவு வறுத்தார்கள் என்பவற்றால் வரும் சாயல் அது. போர் ஓவர், அதாவது காகித ஃபில்டரில் போட்ட தூள்மேல் வெந்நீர் ஊற்றி இறக்கும் பாலில்லாத காபி என்றால், 15 கிராம் தூள், 240 மி.லி. வெந்நீர், சுமார் மூன்று நிமிடம். கட்டஞ்சாயா நிறத்தில், கோப்பையின் அடி தெரிகிற மாதிரி இறங்கும். சுடச்சுடக் குடித்தால் நாக்குக்கு ஒன்றும் பிடிபடாது. ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். பால் கட்டாயம் வேண்டுமென்றால் ஃபிளாட் வைட் கேளுங்கள், எஸ்பிரஸோவில் நுரைத்த பால் ஊற்றித் தருவது அது. 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் அளவுக்கு மெஷின் அழுத்தத்தில் இறக்கும் கெட்டியான எஸ்பிரஸோ பாலைத் தாங்கும், போர் ஓவர் தாங்காது.

"எக்ஸ்ட்ரா ஹாட்"

கேட்காதீர்கள். பால் 60–65 டிகிரியில் இனிக்கும். 70-ஐத் தாண்டினால் வெந்த வாடை அடிக்கும், நுரையும் உடையும்.

"வீட்டு ஃபில்டருக்கு அரைச்சுக் கொடுங்க"

உண்மையில் எரிச்சலூட்டுவது இதுதான். குடித்த போர் ஓவர் பிடித்துப்போய், கிளம்பும்போது அதே கொட்டையில் 250 கிராம் வாங்குகிறார்கள். ஐந்நூறு, அறுநூறு ரூபாய் ஆகிவிடும். "ஃபில்டருக்கு" என்றதும் கடைக்காரர் காகித ஃபில்டரை நினைத்துச் சற்றுப் பருமனாக, ரவைப் பதத்தில் அரைத்துக் கொடுக்கிறார். வீட்டில் இருப்பதோ எவர்சில்வர் டிகாக்‌ஷன் ஃபில்டர். பத்து நாள் கழித்துப் பாதிப் பொட்டலம் திரும்பி வருகிறது: "புளிக்குதுங்க, பழைய சரக்கு போல." சரக்கில் குறையில்லை.

முதல் கோளாறு, பதம். டிகாக்‌ஷன் தூள் இதைவிட நைஸாக இருக்க வேண்டும். ரவைப் பதத்தில் போட்டால் கால் மணி நேரம் சொட்ட வேண்டிய தண்ணீர் கடகடவென்று இறங்கிவிடும். இரண்டாவது, வறுவல். போர் ஓவருக்கு வருவது பெரும்பாலும் லைட் ரோஸ்ட், அதாவது குறைவாக வறுத்த கொட்டை. அது கெட்டியானது, சாரத்தை மெல்லத்தான் விடும். போர் ஓவரில் ஒரு கிராமுக்கு 16 மி.லி. வெந்நீர் கிடைப்பதால் புளிப்போடு இனிப்பும் சேர்ந்து இறங்குகிறது. டிகாக்‌ஷனுக்கு நாம் 30 கிராமுக்கு 150 மி.லி. ஊற்றுகிறோம், அதாவது கிராமுக்கு 5 மி.லி. புளிப்பு முந்திக்கொள்ளும், மற்றதெல்லாம் தூளிலேயே தங்கிவிடும். மூன்றாவது, சிக்கரி. நிறமும் கொழகொழப்பும் தந்து, தண்ணீர் இறங்கும் வேகத்தையும் மட்டுப்படுத்துவது அதுதான். 80:20 கலவைக்குப் பழகிய டம்ளரில் சிக்கரியே இல்லாத லைட் ரோஸ்டை ஊற்றிப் பாலும் சேர்த்தால், வெளிறிய, புளித்த தண்ணீர்தான் மிஞ்சும்.

கடையில் சொல்ல வேண்டியது இது: "எவர்சில்வர் ஃபில்டர், பால் காபி. மீடியம் டார்க்கோ டார்க்கோ கொடுங்க." பீபெரி (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை), அல்லது கொஞ்சம் ரொபஸ்டா (கசப்பும் அழுத்தமும் கூடிய ரகம்) கலந்தது இருந்தால் இன்னும் நல்லது. சிக்கரியைத் தனியாக வாங்கிக் கலந்துகொள்ளலாம். முதல் தடவை 100 கிராம் போதும். சின்னப் பொட்டலம் இல்லையென்றால் பால் காபிக்கு எது தோதுப்படும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பொட்டலத்தில் பார்க்க வேண்டியது வறுத்த தேதி. வறுத்து ஒரு வாரத்திலிருந்து ஐந்தாறு வாரம் வரை கொட்டை நன்றாக இருக்கும். அரைத்துவிட்டால் ஒரு வாரம்தான், அதன் பிறகு வாசம் போய்விடும்.

அந்த லைட் ரோஸ்ட்தான் வேண்டுமா? அப்படியானால் ஒரு பிளாஸ்டிக் டிரிப்பரும் (கோப்பைமேல் வைக்கும் கூம்பு) அதற்குள் வைக்கக் காகித ஃபில்டரும் வாங்கிக்கொண்டு, பாலை மறந்துவிடுங்கள். கையால் சுற்றும் கிரைண்டர் இருந்தால் அரைக்காமல் கொட்டையாகவே வாங்கலாம்.

தூளை ஃபிரிட்ஜில் வைப்பது

தினமும் திறந்து மூடினால் ஈரம் ஏறும், சாம்பார் வாடையும் ஏறும். காற்றுப் புகாத டப்பா, வெயில் படாத அலமாரி.

சாப்பாட்டையும் காபியையும் ஒன்றாகக் கேட்பது

காபி ஐந்து நிமிடத்தில் வந்துவிடும், சமையலறையிலிருந்து அவகாடோ டோஸ்ட் வர இருபது நிமிடம் ஆகலாம். டோஸ்ட் வருவதற்குள் ஃபிளாட் வைட் நுரை அடங்கிப் பச்சைத் தண்ணீராகிவிடும். போர் ஓவரை முதலில் தனியாகக் குடியுங்கள். பால் காபியைச் சாப்பாடு வரும்போது போடச் சொல்லுங்கள். சிராச்சா, கொச்சுஜாங் மாதிரி காரச் சாஸ் போட்ட தட்டுக்குப் பிறகு போர் ஓவர் வேண்டவே வேண்டாம், எரிகிற நாக்குக்கு ஆரஞ்சாவது பிளமாவது.

சோர்டோ (புளித்த மாவு) ரொட்டியின் ஓரம் கடிக்கக் கடினமாகத்தான் இருக்கும், அது பழைய ரொட்டி இல்லை. போச்டு முட்டையில் (ஓட்டை உடைத்து வெந்நீரில் வேகவைத்தது) மஞ்சள் கரு வழியும். பிடிக்காதென்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், வந்த பிறகு திருப்பி அனுப்பினால் முட்டை ரப்பராகும். குரோசானை (வெண்ணெய் மடித்துச் சுட்ட பன்) மைக்ரோவேவில் சூடாக்க விடாதீர்கள், மடிப்புகள் தோலாகச் சுருங்கும். ஓவனில் 160 டிகிரியில் நான்கைந்து நிமிடம் என்று கேளுங்கள்.

ஞாயிறு காலை 11 மணிக்குச் சந்தேகம் கேட்பது

வார நாளில் மதியம் மூன்று மணிக்குப் போங்கள். காபி போடும் பாரிஸ்டாவுக்கு நின்று பேச நேரம் இருக்கும். கேட்டால் இரண்டு கொட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசி பார்க்கவும் தருவார்.